மூலைக்கு மூலை

நவம்பர் 9

ஓர் அறையின் மூலைக்கு மூலை தூரம் ஐந்து நாளில் மாறுமா? எனக்குத் தெரியவில்லை. மாறாது என்றுதான் யாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன்.

மேற்குப் படுக்கையறைக்கு டைல்ஸ் போடப் போகிறோம். மகள் தாரணிக்கு ஏழு மாதம். 27ஆம் தேதி சேலத்தில் அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு. மறுநாள் பிரசவத்துக்கு இங்கே அழைத்து வருகிறோம். அந்த அறையின் பழைய சிமெண்ட் தரை ஏடு ஏடாகப் பெயர்ந்து கிடக்கிறது. வயிற்றோடு இருப்பவள் கால் வைக்கும் தரை இல்லை.

மேஸ்திரி ஆறுச்சாமி இரண்டு சுவரை மட்டும் அளந்தார். நீளத்தை அகலத்தால் பெருக்கினார், பத்துக்கு ஒன்று கூட வைத்தார், பன்னிரண்டு பெட்டி என்றார். நான்கு மூலையும் செங்கோணமாக இருந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும். இது முப்பத்திரண்டு வருட வீடு. அதனால் நான்கு சுவரையும் அளந்தேன், மூலைக்கு மூலை இரண்டு கோட்டையும் அளந்தேன். குறுக்குக் கோடு அறையை இரண்டு முக்கோணமாக வெட்டுகிறது. மூன்று பக்கம் தெரிந்தால் பரப்பு தெரிந்துவிடும்.

"ஏனுங்கம்மணி, மூலைக்கு மூலை டேப்பைக் கட்டறீங்க? துணி காயப்போடறதுக்குங்களா?" என்றார் ஆறுச்சாமி.

தென்மேற்கிலிருந்து வடகிழக்கு மூலைக்கு மூன்று நாளும் ஒரே அளவு, 560.4 செ.மீ. தென்கிழக்கிலிருந்து வடமேற்குக்கு ஐந்தாம் தேதி 560.5, ஏழாம் தேதி 560.6, இன்று 560.9.

டேப் தொய்ந்திருக்கும். அல்லது என் கணவர் மறுமுனையை ஒழுங்காகப் பிடித்திருக்க மாட்டார். பம்ப் கம்பெனியில் இருபத்தெட்டு வருடமாக வேலை பார்க்கும் மனிதருக்கு வீட்டில் ஒரு டேப்பைப் பிடிக்கப் பொறுமை இல்லை. ஒரே பொருளை மூன்று முறை அளந்தால் மூன்று அளவு வருவது இயல்பு. சராசரி எடுத்தால் பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். இருபத்து மூன்று வருடமாகக் கல்லூரியில் புள்ளியியல் மாணவிகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இதுதான். சராசரி 560.7. அதையே எடுத்துக்கொண்டேன்.

வடக்கு தெற்காக அறுபது செ.மீ. டைல்ஸ் ஆறு சரியாக உட்காரும். கிழக்கு மேற்காக ஏழு போக, மேற்குச் சுவரோரம் ஒன்பதரை செ.மீ. மிச்சம். ஒரு டைல்ஸை ஆறு துண்டாக வெட்டினால் அந்த ஓரம் முழுக்க வந்துவிடும். ஆக நாற்பத்து மூன்று. பெட்டிக்கு நாலு. பதினொரு பெட்டி போதும், ஒன்று மிச்சமும் இருக்கும்.

"பன்னெண்டே வாங்கிப்போடுங்கம்மணி. கல்லு கெட்டா போகுது?"

பதினொன்று என்றேன்.

நவம்பர் 10

கடைக்குப் போனோம். பதினொரு பெட்டி. வெளிர் சாம்பல், வழுக்காத ரகம்.

நவம்பர் 12

மழை. கல்லூரிக்கு விடுமுறை விட்டார்கள். துவைத்த துணி எதுவும் காயவில்லை.

மேற்கே காலி மனையில் குழந்தைவேலு அண்ணன் கட்டடம் கட்டுகிறார். கீழே கார் நிறுத்தும் தளம் வருகிறதாம், இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் குழி இறங்கிவிட்டது. கரிசல் மண் மழையில் குழம்பாகிக் கிடக்கிறது. காலை முதல் மாலை வரை தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஓடுகிறது. என் கணவருக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. இரைச்சலுக்காக அல்ல. "அது மூணு எச்.பி. வேண்டிய இடம். ஒன்றரைய வெச்சு ஓட்டறான்," என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்கிறார்.

சாயங்காலம் குழந்தைவேலு அண்ணன் வீட்டிலிருந்து ஒரு பெட்டி மைசூர்பா வந்தது. எதற்கு என்று இவர் கேட்டார். தீபாவளிக்குக் கொடுக்க விட்டுப்போயிருக்கும் என்றேன்.

போன மாதம் அண்ணன் ஒரு தாளில் என்னிடம் கையெழுத்து வாங்கிப்போனார். அன்று இவர் ஊரில் இல்லை. என் மடியில் விடைத்தாள் கட்டு இருந்தது.

நவம்பர் 14

டைல்ஸ் வந்து இறங்கியது. இறக்கும்போது ஒன்று மூன்று துண்டாகப் போனது. மிச்சம் நாற்பத்து மூன்று.

"சொன்னனுங்களா இல்லீங்களா?" என்றார் ஆறுச்சாமி. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் எதற்கு என்று தெரியவில்லை. இன்னும் எனக்கு வேண்டியது சரியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

நவம்பர் 15

பழைய தரையைக் கொத்தி எடுத்தார்கள். மேற்குச் சுவரோரம், வடக்கு மூலைப் பக்கமாக, தரைக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. ஆறுச்சாமி குனிந்து பார்த்தார்.

"எலிங்கம்மணி. பக்கத்துல குழி தோண்டறாங்கள்ல, அங்கிருந்து எல்லாம் இங்க குடிவந்திருச்சு."

சிமெண்ட் கலந்து அடைத்தார். நான் ஒரு எலிப்பொறி வாங்கி வந்தேன். உளுந்து வடை வைத்தேன்.

நவம்பர் 18

மூன்று நாளாக வடை அப்படியே இருக்கிறது. அந்த அறையின் மேற்கு ஜன்னல் சாத்த மாட்டேன் என்கிறது. மழைக்கு மரம் ஊறியிருக்கும். இரண்டாம் ஆண்டு விடைத்தாள் முப்பத்தாறு திருத்தினேன். பாதிப் பேருக்கு மேல், அளவுப் பிழைகள் எப்போதும் இரு பக்கமும் சிதறும் என்று எழுதியிருந்தார்கள். 'எப்போதும்' என்ற சொல்லைச் சிவப்பில் சுழித்தேன்.

தாரணி பேசினாள். "அம்மா, ஃபோட்டோ அனுப்பு. சுவத்தோரமா கட்டில் போடு, எனக்கு எந்திரிக்கப் பிடிமானம் வேணும்." மேற்குச் சுவரோரம் போடுவதாகச் சொன்னேன்.

நவம்பர் 21

மதியம் வரை நன்றாகப் போனது. கிழக்கிலிருந்து ஏழு வரிசையும் உட்கார்ந்துவிட்டன. ஓரத் துண்டு வெட்ட ஆரம்பித்தார் ஆறுச்சாமி. நான் கல்லூரியிலிருந்து வந்தபோது கால் நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"கல்லு பத்துலீங்கம்மணி."

"எப்படிப் பத்தாது? ஒண்ணுல ஆறு துண்டு வரணுமே."

"அஞ்சுதானுங்க வருது. நீங்களே அளந்து பாருங்கோ. காலேஜுல சொல்லிக்குடுக்கறவிய, நானென்னத்தச் சொல்றது."

அளந்தேன். தெற்கு முனையில் இடைவெளி ஒன்பதரை. அங்கே சரி. வடக்கே போகப் போக அகலமாகிறது. வடமேற்கு மூலையில் பதினொன்று.

"மூணு நாள் கோடு போட்டு அளந்தீங்க. நான் ரெண்டு நிமிசத்துல பன்னெண்டு பெட்டின்னு சொன்னேன்," என்று சித்தாளைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பெண்ணும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. நான் தப்பாக அளந்திருந்தால் தப்பு என்று ஒப்புக்கொள்வதில் எனக்குக் கஷ்டமில்லை. நோட்டை எடுத்து வந்தேன். அவரையே டேப்பின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னேன். தென்மேற்கு - வடகிழக்கு: 560.4. மற்றது: 561.6.

திரும்ப அளந்தேன். 561.6.

அப்போதுதான் ஒன்பதாம் தேதிக் குறிப்பைப் பார்த்தேன். சராசரியை அல்ல, அதற்கு மேலே இருந்த மூன்று எண்களை. 560.5. 560.6. 560.9. இப்போது 561.6.

தற்செயலான பிழை என்றால் கூடும், குறையும். இது ஒரு முறைகூடக் குறையவில்லை. தேதி வரிசையில் ஏறிக்கொண்டே வருகிறது. வரிசையாக ஏறும் எண்களுக்குச் சராசரி எடுக்கக்கூடாது என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன். வீட்டில் என் கையாலேயே சராசரி எடுத்து, கண்ணெதிரே இருந்ததை அழித்துவிட்டு, மேஸ்திரியோடு ஒரு பெட்டி டைல்ஸுக்கு வாதாடியிருக்கிறேன்.

அளவு தப்பவில்லை. அறை மாறிக்கொண்டிருக்கிறது.

எலிப்பொறியை எடுத்து வெளியே வைத்தேன். ஏன் அதை முதலில் செய்தேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 22

விடிந்ததும் ஆறுச்சாமியை வரச்சொன்னேன். மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து வடமேற்கு மூலையில், குழிப் பக்கமாக, தூக்குக்குண்டு இறக்கினார். மேலே நூல் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. கீழே குண்டு சுவரைவிட்டு மூன்று விரல் தள்ளித் தொங்கியது. ஆடுகிறதோ என்று நின்று பார்த்தோம். ஆடவில்லை.

ஆறுச்சாமி அந்த இடைவெளியில் விரல்களை வைத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அம்மணி, உங்க அளவு சரிங்க. செவுருதான் தப்பு."

எலி என்று சொன்னதற்காக இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார். நான்தான் பொறி வாங்கினேன் என்றேன்.

அவரிடம் சொன்னேன். என் கணவரைச் சொல்கிறேன். நூலைப் பார்த்தார், தூக்குக்குண்டைக் கையால் தொட்டார். "தாரணி கட்டில் இங்கதானே போடறதா இருந்தோம்," என்றார். உடனே உள்ளே போய்ச் செருப்பு மாட்டினார். குழந்தைவேலு அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீங்கள் ஆபீஸுக்குக் கிளம்புங்கள் என்றேன்.

"நீயா? நீ யார் வீட்டுப் படியும் ஏற மாட்டியே," என்றார். ஆனாலும் கிளம்பிவிட்டார்.

குழந்தைவேலு அண்ணன் நாற்காலி போட்டு, காப்பி சொன்னார். நான் எண்களைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஒரு சென்டிமீட்டருங்களா அம்மணி? மழ காலத்துல என்ற வீட்டுக் கதவே அதுக்கு மேல உப்புது."

தூக்குக்குண்டைச் சொன்னேன்.

"பழைய வீடுங்க. கட்டும்போதே அப்படிக் கட்டியிருப்பான்." எழுந்து போய் ஒரு தாளை எடுத்து வந்து மேசையில் வைத்தார். நகல். "சண்டைக்குச் சொல்லலீங்க. நீங்க படிச்சவிய. பக்கத்து வீட்டுக்கு ஆட்சேபணை இல்ல, சேதம் ஏதும் வந்தா நாங்க பொறுப்பில்லன்னு நீங்கதான் எழுதிக் குடுத்திருக்கீங்க. சம்மதம் இல்லீன்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்களே."

இரண்டு பக்கம். நெருக்கமான எழுத்து. கையெழுத்து என்னுடையதுதான். என் பெயரின் முதல் எழுத்து, அந்த ம-வின் சுழி என்னுடையதேதான்.

காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

என் கணவரிடம், அண்ணன் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார் என்று சொன்னேன்.

நவம்பர் 23

561.9. அறையைப் பூட்டிவிட்டோம். தாரணியைத் திருப்பூரில் என் நாத்தனார் வீட்டில் வைத்துக்கொள்வது என்று முடிவு. அவளிடம் பெயிண்ட் வாசனை ஆகாது என்று சொன்னேன்.

"பெயிண்ட் அடிக்கிறதா நீ சொல்லவே இல்லியே," என்றாள். பிறகு, "நீ நல்லாருக்கியாம்மா?" என்றாள்.

பருப்பு, அரிசி, தேங்காய் எண்ணெய் வாங்கினேன்.

நவம்பர் 24

பூட்டைத் திறந்து அளந்தேன். 562.2. மழை இல்லை, இருந்தும் ஏறுகிறது. அந்த அறையில் இனி யாரும் படுக்கப் போவதில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன்.

நவம்பர் 25

இன்று முற்பகலில் அந்த ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாத்த முடியாததால் திறந்தே கிடக்கிறது. குழிக்குள் ஆட்கள் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறியதும் நாலைந்து பேர் தூக்குவாளியோடு நிழலுக்கு வந்தார்கள். எங்கள் சுவரின் நிழலுக்கு.

நான்கு நாளாக என் கண்ணில் ஒரே படம்தான். சுவர் உள்ளே சாய்ந்து கட்டில்மேல் விழுவது. கட்டில் போடுவதைக் கைவிட்டாயிற்று, மகளைத் திருப்பூரில் வைத்துக்கொள்ள ஏற்பாடாயிற்று, அறையைப் பூட்டியாயிற்று. யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நேற்று எழுதியும் வைத்திருக்கிறேன்.

மூலைக்கு மூலை தூரம் கூடுகிறது. கூடுகிறது என்றால் அந்த மூலை எங்களைவிட்டு விலகிப் போகிறது. விலகிப் போகிற சுவர் உள்ளே விழாது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு முக்கோணம் போதும். எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். எனக்கு நாலு நாள் ஆயிற்று. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

எண்ணினேன். பதினொரு பேர். அதில் நாலு பெண்கள்.

என்றைக்கு விழும் என்று சொல்ல என்னிடம் சூத்திரம் இல்லை. ஒரு வாரம் ஆகலாம். விழாமலே நின்றுவிடலாம். நிச்சயமில்லாததை நான் வாயால் சொல்வதில்லை, என் சுபாவம் அது. இருந்தாலும் வேலையை நிறுத்தச் சொல்ல வேண்டும். சொன்னால் அண்ணன் அந்தத் தாளை எடுப்பார். தாளைப் பற்றி ஒன்றும் தெரியாத என் கணவரும் கூட நிற்பார்.

நாளை காலை அவரிடம் முதலில் நான் சொல்லிவிட வேண்டும்.

நவம்பர் 26

நடந்தது இது.

காலை ஏழு மணிக்கு, இட்லி வைத்துக்கொண்டே, "நான் ஒரு தாள்ல படிக்காமக் கையெழுத்துப் போட்டுட்டேங்க," என்றேன். முழுக்கச் சொன்னேன். மைசூர்பாவையும் சொன்னேன். அவர் இட்லியைப் பிட்டபடி கேட்டார்.

"ஏன் படிக்கல, மணி?"

வந்தவரைச் சீக்கிரம் அனுப்பிவிட வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான். அவர் தட்டில் கை கழுவினார். சாதாரணமாக அப்படிச் செய்ய மாட்டார்.

எட்டரை மணிக்கு நாங்கள் இருவரும் ஆறுச்சாமியும் போனோம். குழந்தைவேலு அண்ணனைக் குழியின் விளிம்புக்கு அழைத்து வந்து, அவர் பக்கத்திலிருந்தே பார்க்க வைத்தோம். ஆறுச்சாமி நூலை இறக்கினார். இப்போது நாலு விரலுக்கு மேல்.

அண்ணன் தாளைப் பற்றி ஆரம்பித்தார்.

"அது நான் படிக்காமப் போட்ட கையெழுத்துங்கண்ணா. என் தப்பு. வீட்டுக்கு என்ன சேதம் வந்தாலும் உங்ககிட்ட வந்து நிக்க மாட்டேன், வேணும்னா அதையும் எழுதித் தர்றேன், இந்தத் தடவ படிச்சுட்டு. இது உள்ள விழாதுங்க. வெளிய விழும். இவங்க மேல."

"எப்போ விழும்?"

"தெரியாது."

"தெரியாதுன்னா எப்படீங்கம்மணி வேலய நிறுத்தறது?"

ஆறுச்சாமி இடையில் புகுந்தார். "அண்ணோவ், நானும் மொதல்ல அம்மணியப் பாத்துச் சிரிச்சேன். இந்தக் குண்டு படிக்காததுங்க, அது கையெழுத்தெல்லாம் போடாது. அது சொல்றதையாச்சும் கேளுங்க."

அண்ணன் நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்ஜினீயருக்கு ஃபோன் போட்டார். நாலு மணிக்கு வந்து பார்ப்பதாகச் சொன்னாராம். "நாலு மணி வரைக்கும் எல்லாம் மேல வந்து இருங்க," என்று கொஞ்சம் எரிச்சலோடு குழிக்குள் கத்திவிட்டுப் போனார்.

சும்மா உட்கார வைத்தால் ஒவ்வொருவராக மறுபடி இறங்கிவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது. மகள் வளைகாப்பு நாளைக்கு, எல்லோரும் எங்கள் வீட்டில் சாப்பிட வேண்டும் என்றேன். வேறொருத்தி பேசுவதுபோல இருந்தது. சாம்பார், பூசணிக்காய்ப் பொரியல், அப்பளம், சேமியாப் பாயசம். கிழக்கே வாசல் பக்கம், கார் நிறுத்தும் இடத்தைக் கழுவிவிட்டு, பதினொரு இலை போட்டேன். பதினொரு பேர் உட்கார்ந்தார்கள். ஆறுச்சாமி பரிமாறினார். "நல்லா வாங்கிச் சாப்புடுங்க. எங்கம்மணி கணக்குப் போட்டுத்தான் சமைப்பாங்க, ரெண்டாவது தடவ கேட்டா சோறு இருக்காது," என்றார். ஒரு பெண்ணுக்குப் புரையேறியது.

எனக்கும் சிரிப்பு வந்தது. பல நாளைக்குப் பிறகு.

சாம்பார் வாளியைப் பிடித்திருந்த என் கணவர் அப்படியே நின்றார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"மோட்டார் ஓடுதே."

"அதுபாட்டுக்கு ஓடட்டுமுங்க, தண்ணி ஊறுதில்ல," என்றாள் ஒருத்தி.

"தானா ஓடல. சேறு அடைக்குது, உடனே விடுது, மறுபடி அடைக்குது. யாரோ கீழ உக்காந்து வால்வுல சேறு வழிச்சு விட்டுட்டு இருக்காங்க." வாளியை என் கையில் கொடுத்தார். "எத்தன பேருன்னு எண்ணின, மணி?"

பதினொன்று என்றேன். ஜன்னலில் நின்று எண்ணினேன் என்றேன். சொல்லும்போதே தெரிந்துவிட்டது. ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாலும் எங்கள் சுவரின் காலடி தெரியாது.

இருவரும் ஓடினோம். நான் கடைசியாக எப்போது ஓடினேன் என்று நினைவில்லை. விளிம்பிலிருந்து பார்த்தால், சுவருக்கு நேர் கீழே, முட்டி அளவு சேற்றில் ஒரு பெரியவர் குந்தியிருந்தார். அவர் பெயர் மாரப்பன் என்று பிறகு தெரிந்துகொண்டேன். தண்ணீர் இறைப்பது தனி வேலை, வேலையை நிறுத்தச் சொன்னது கம்பி கட்டுபவர்களுக்கு என்று அவர் நினைத்திருக்கிறார்.

"மேல வாங்க!" என்று கத்தினேன்.

"மோட்டார உட்டுட்டு வந்தா எங்க மேஸ்திரி வையுமுங்க."

"சாப்பாடு போட்டிருக்கு. உங்களுக்குத்தான் இல காலியா இருக்கு. வாங்க."

அது பொய். இலை இல்லை. அவர் ஏணியில் ஏறி வந்தார், ஒவ்வொரு படியிலும் நின்று சேற்றை உதறிக்கொண்டு. எனக்கு என்று எடுத்து வைத்திருந்த இலையைப் போட்டேன். கை கால் கழுவ நேரம் எடுத்துக்கொண்டார். பொரியல் தீர்ந்திருந்தது, அப்பளம் இரண்டு வைத்தேன்.

ஒன்று ஐம்பதுக்கு மோட்டார் சத்தம் நின்றது. யாரும் நிறுத்தவில்லை.

என் கணவர் என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் சுவரின் சத்தம் வந்தது. பெரிய சத்தம்கூட இல்லை, லாரியில் ஜல்லி கொட்டுவது போல. காலடியில் தரை ஒரு முறை அதிர்ந்தது. வீட்டின் பின்னாலிருந்து புழுதி எழும்பி மாடிக்கு மேலே போனது. பதினொரு பேரும் எழுந்து நின்றார்கள். மாரப்பன் மட்டும் இலையை இரண்டு கையாலும் மூடியபடி உட்கார்ந்திருந்தார், புழுதி விழாமல். அவருக்குப் பக்கத்தில் நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

குழந்தைவேலு அண்ணன் செருப்பில்லாமல் ஓடி வந்தார். வாசலில் இருந்தவர்களை விரல் நீட்டி எண்ணினார். திரும்பவும் எண்ணினார். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நாலு மணிக்கு இன்ஜினீயர் வந்தார். வீட்டுக்குள் யாரும் போகக்கூடாது என்றார். வாசலிலிருந்து அந்த அறை தெரிகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் வானம். டைல்ஸ் நாற்பத்திரண்டும் ஒன்றுகூட அசையவில்லை. மேற்கு ஓரத்துத் துண்டுகள் மட்டும் இல்லை.

திருப்பூரில் நாத்தனார் வீட்டு மாடியில் இதை எழுதுகிறேன். நாளை காலை இங்கிருந்தே சேலத்துக்குக் கிளம்ப வேண்டும். நேற்றைய குறிப்பில் பதினொரு பேர் என்று இருக்கிறது. அதை அடிக்கவில்லை. பக்கத்தில் பன்னிரண்டு என்று எழுதினேன்.